முதலாம் பராந்தக சோழன்

முதலாம் பராந்தக சோழன், விசயாலய சோழன் தொடங்கி வைத்த பிற்காலச் சோழ மரபின் மூன்றாம் மன்னன் ஆவான். கி.பி. 907 முதல் ஏறத்தாழ 955 வரை ஆட்சி புரிந்தான். பரகேசரி, வீரநாராயணன் ஆகியவை இவனுடைய பட்டப்பெயர்களுள் சில. மதுரையை வென்றமையால் மதுரை கொண்ட கோப்பரகேசரி என்றும், பிற்காலத்தில் மதுரையும் ஈழமும் கொண்டவன் என்றும் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறான். தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்தவன் என்று சோழர் செப்பேடுகள் இவனைப் போற்றுகின்றன.

போர்களும் திருப்பணிகளும் இவனுக்குப் புகழ் தந்தன. எனினும் இன்று இவன் பெயர் பெரிதும் பேசப்படுவது, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் உள்ள, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகளால்தான். ஊர்ப் பொதுப்பணத்தைக் கையாள்வோர் யார், அவர்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, கணக்குக் காட்டாதவர்களை என்ன செய்வது ஆகியவற்றை விரிவாக வகுத்துரைக்கும் ஆவணங்கள் இவை.

பின்னணி

பராந்தகனின் தந்தை முதலாம் ஆதித்த சோழன் (ஆட்சிக்காலம் 871–907). பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டுடன் சேர்த்தவன் இவனே. பல நூற்றாண்டுகள் பல்லவரின் தலைநகராக விளங்கிய காஞ்சியும், அதைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்களும் இவ்வாறு சோழர் கைக்கு வந்தன. ஆதித்தன் திருக்காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் இறந்தான். அவ்விடத்தில் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் உள்ளது.

பராந்தகன் அரியணை ஏறியது எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. ஆதித்தனின் மற்றொரு மனைவி இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருட்டிணனின் மகள் என்றும், தன் பேரன் கன்னரதேவனுக்கு அரசுரிமை கிடைக்காததால் அம்மன்னன் படையெடுத்து வந்தான் என்றும் கருதப்படுகிறது. வல்லாளம் எனப்படும் திருவல்லத்தில் நிகழ்ந்த போரில் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதியின் துணையுடன் பராந்தகன் வெற்றி பெற்றான். அதற்குக் கைம்மாறாக, வெல்லப்பட்ட வாணர்களின் நாடும் பட்டமும் பிருதிவீபதிக்குக் கிடைத்தன. சோளிங்கர்க் கல்வெட்டும் உதயேந்திரச் செப்பேடும் இச்செய்தியைத் தருகின்றன.

பாண்டியப் போர்கள்

ஆட்சியின் தொடக்கத்திலேயே பராந்தகன் பாண்டிய நாட்டின்மீது படையெடுத்தான். மூன்றாம் ஆட்சியாண்டு முதலே மதுரை கொண்ட என்னும் அடைமொழி கல்வெட்டுகளில் காணப்படுகிறது. பாண்டியன் இரண்டாம் இராசசிம்மன் இலங்கை மன்னன் ஐந்தாம் கசபனிடம் உதவி பெற்றும், ஏறத்தாழ 915 இல் நடந்த வெள்ளூர்ப் போரில் தோல்வியுற்றான். பின்னர் முடியையும் பிற அரச சின்னங்களையும் எடுத்துக்கொண்டு இலங்கைக்கு ஓடினான். அவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தன் தாயின் பிறந்தகமாகிய சேர நாட்டிற்குச் சென்றான். பாண்டிய முடியை மதுரையில் சூடிக்கொள்ள விரும்பிய பராந்தகன், தன் ஆட்சியின் பிற்பகுதியில் இலங்கைக்குப் படை அனுப்பினான். அப்போதைய மன்னன் நான்காம் உதயன் அதனுடன் உரோகண நாட்டிற்குத் தப்பிவிட்டதால் முடி கிடைக்கவில்லை. அது சோழர் கைக்கு வந்தது இவனுடைய எள்ளுப்பேரன் முதலாம் இராசேந்திரன் காலத்தில்தான்.

இப்போர்களுக்கான செலவு எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளின் காலம் பொருள் பொதிந்ததாகத் தோன்றும். அரசின் வருவாய்க்கு அடிப்படை நிலவரி. அதைத் திரட்டிச் செலுத்தும் பொறுப்பு பெரும்பாலும் ஊர்களையே சார்ந்திருந்தது. ஏரி தூர்ந்தால் விளைச்சல் குறையும். ஊர்ப் பணம் தனியார் கைக்குப் போனால் ஏரி தூரும். எனவே ஒரு சிற்றூரின் கணக்கு வழக்கில் நேரும் முறைகேடு தஞ்சை அரண்மனையையும் எட்டக்கூடிய இழப்பாகும். 919, 921 ஆம் ஆண்டுகளில் அரச அலுவலர்கள் உத்தரமேரூருக்கு நேரில் வந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உத்தரமேரூர்

காஞ்சிபுரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்தரமேரூர், இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் வேதம் கற்ற அந்தணர்களுக்குப் பிரமதேயமாக வழங்கப்பட்ட ஊராகும். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது கல்வெட்டுகளில் வழங்கும் பெயர். ஊர் நிருவாகத்தை நிலவுடைமையாளர்களின் சபை கவனித்தது. ஊரின் உயிர்நாடி வயிரமேக தடாகம் என்னும் பேரேரி. தந்திவர்ம பல்லவன் காலத்திலேயே இவ்வேரியில் ஆண்டுதோறும் தூர் வாருவதற்கென முதல் வைக்கப்பட்டு, அதன் வட்டியைக் கொண்டு பணி நடைபெற ஏற்பாடு செய்யப்பட்டதாகக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. கோடையில் நினைவுக்கு வந்து மழையில் மறந்துபோகும் வேலையாகத் தூர் வாருதல் அப்போது இருக்கவில்லை போலும்.

இவ்வாறு அறக்கட்டளை முதலும், வட்டியும், ஏரிப் பாய்ச்சலும், தோட்டங்களும், பொன்னும் ஒரே சபையின் பொறுப்பில் இருந்தபோது, அவற்றைக் கையாள்வதற்கு வாரியங்கள் எனப்பட்ட குழுக்கள் தேவைப்பட்டன. (குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் முதலிய இன்றைய பெயர்களில் அதே சொல் வழங்குகிறது.) வாரியத்தில் இடம்பெறுபவரிடம் பொதுப்பணம் புழங்கும். ஆகவே அவ்விடங்களுக்குப் போட்டியும், சில குடும்பங்களே அவற்றைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும் நிலையும் இருந்திருக்க வேண்டும் என்பது 921 ஆம் ஆண்டின் கட்டுப்பாடுகளைப் படிப்போருக்கு எளிதில் விளங்கும். நடக்காத குற்றத்திற்கு யாரும் இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதுவதில்லை. தீயோர் அழிந்து ஏனையோர் தழைக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் எனச் சபையாரும் ஆவணத்தில் பதிந்துள்ளனர்.

919, 921 ஆம் ஆண்டு ஏற்பாடுகள்

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இவ்விரு கல்வெட்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாவது பராந்தகனின் 12 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரசன் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருக்கச் சபை கூடி முடிவெடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 14 ஆம் ஆட்சியாண்டில், சோழ நாட்டிலிருந்து வந்த கரஞ்சைக் கொண்டயக் கிரமவித்த பட்டனாகிய சோமாசிப் பெருமான் உடனிருக்க, சபை மீண்டும் கூடி விதிகளைத் திருத்தி விரிவாக்கியது. ஒரு மென்பொருளை வெளியிட்டு, பயனர்கள் ஓட்டைகளைக் கண்டுபிடித்த பின்னர் அடுத்த பதிப்பை வெளியிடுவோரின் அனுபவம் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

திருத்தப்பட்ட விதிகளின்படி ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. வாரியத்திற்குத் தகுதி பெறுபவர், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் (ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கு மேல்) உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும். வயது 35 க்கு மேல் 70 க்குள். முந்தைய ஏற்பாட்டில் இது 30 முதல் 60 வரை என்றிருந்தது. வேத மந்திரங்களையும் பிராமணங்களையும் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்க வல்லவராதல் வேண்டும். அரைக்கால் வேலி நிலமே உள்ளவராயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் அறிந்தவராயின் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். காரியம் நடத்தும் திறமையும், நேர்வழியில் ஈட்டிய பொருளும், தூய மனமும் கேட்கப்பட்டன. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர் மீண்டும் வர இயலாது.

இனித் தகுதியின்மைகள். அவற்றுள் முதலிடம் பெறுவது கணக்கு. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அத்துடன் விதி நின்றுவிடவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மருமகன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், உடன்பிறந்தாளின் மக்கள், தாயின் உடன்பிறந்த பெண்களின் மக்கள், அத்தை மக்கள், மாமன் என உறவினரின் நீண்ட பட்டியல் தொடர்கிறது. அவர்கள் அனைவரும் விலக்கப்பட்டனர். தன் பெயரில் முடியாதபோது மைத்துனன் பெயரில் பதவி பெறும் வழக்கத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதுண்டு என்பதை இப்பட்டியல் உணர்த்துகிறது. இதன் பின்னரே பெரும்பாதகங்கள் செய்தோர், பிறர் பொருளைக் கவர்ந்தோர், பொய்க் கையெழுத்திட்டோர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டோர் முதலியோர் கூறப்படுகின்றனர்.

தற்கால இந்தியச் சட்டத்துடன் இதை ஒப்பிடுதல் தகும். 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தேர்தல் செலவுக் கணக்கை உரிய காலத்தில் தகுந்த காரணமின்றித் தாக்கல் செய்யாத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். அங்கே தண்டனை அவரோடு முடிகிறது. உத்தரமேரூர் விதியோ உறவினரையும் தொட்டது. கால வரம்பையும் குறிக்கவில்லை. குற்றம் செய்யாதவரையும் உறவின் காரணமாக விலக்குவது இன்றைய நீதிக் கொள்கைக்கு ஒவ்வாதது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடவோலை

ஒவ்வொரு குடும்பிலும் தகுதி பெற்றோரின் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்படும். குடும்பு வாரியாகக் கட்டி, வாயோலை சேர்த்து, ஒரு குடத்தில் இடுவர். அன்று சிறுவர் முதல் முதியோர் வரை சபையார் அனைவரும் கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர்கூட விடுபடாமல் வந்து அமர்வர். அவர்களுள் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். எதுவும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு வேறொரு குடத்தில் பிரித்துக் கொட்டிக் குலுக்கப்பட்ட பின், அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியத்தர் கையில் கொடுப்பான். மத்தியத்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர். இவ்வாறு 30 குடும்புகளுக்கும் 30 பேர் தேர்வாவர்.

ஐந்து விரலையும் விரித்தல் என்பது சடங்கன்று. கையில் ஒளித்து வைத்த ஓலையை மாற்றிவிடக் கூடும் என்ற ஐயத்தின் விளைவு அது. இரண்டு குடங்கள், எழுத்தறியாச் சிறுவன், பலர் வாசித்தல் ஆகிய ஒவ்வொன்றும் அத்தகைய ஓர் ஐயத்திற்கு விடையாகவே அமைந்துள்ளன.

முப்பதின்மருள் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்த, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்த 12 பேர் சம்வத்சர வாரியம் எனப்படும் ஆண்டு வாரியத்தில் அமர்வர். எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் செல்வர். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் தனியே குடவோலை உண்டு, ஒவ்வொன்றுக்கும் அறுவர். பஞ்சவாரம் என்பதன் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. பதவிக்காலம் 360 நாள்கள். இடையில் குற்றம் கண்டறியப்பட்டால் அவர் உடனே நீக்கப்படுவார்.

கணக்கரும் பொன்மாற்றும்

வாரியத்தாரைவிடக் கணக்கரே முறைகேட்டிற்கு வசதியான இடத்தில் இருப்பவர் என்பதை இவ்வூரார் நன்கு அறிந்திருந்தனர். நேர்வழியில் பொருளீட்டியவரே கணக்கெழுத வேண்டும். தாம் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் தாமே காட்டித் தூயவர் என்று ஏற்கப்பட்ட பின்னரே ஒருவர் மீண்டும் கணக்கெழுத வரலாம். ஒருவர் எழுதிய கணக்கை வேறொருவர் வந்து முடித்துக் கொடுத்தல் கூடாது. பழைய அலுவலர் மாறிவிட்டார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது என்னும் பதிலுக்கு இங்கு இடமில்லை.

பராந்தகன் காலத்து மற்றோர் உத்தரமேரூர்க் கல்வெட்டு பொன்னின் மாற்றுப் பார்ப்போரைப் பற்றியது. ஊரில் வழங்கும் பொன்னைச் சோதிப்பதற்குப் பல தெருவினரிலிருந்தும் வல்லோர் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்களுக்கு ஊதியமாகப் பொன் வழங்கப்பட்டது. உரைகல்லில் ஒட்டும் பொன்துகளை மெழுகால் ஒற்றி எடுப்பது இத்தொழிலின் வழக்கம். நாள்தோறும் சேரும் அத்துகள் சோதிப்பவருக்கே மிஞ்சிவிடும். அம்மெழுகையும் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சபை விதித்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொன் ஏரிக்குச் சென்றது.

மதிப்பீடு

இக்கல்வெட்டுகளை 1898 இல் வெ. வெங்கையா கண்டறிந்து ஆராய்ந்தார். பின்னர் க. அ. நீலகண்ட சாத்திரியார் விரிவாக எழுதினார். அன்று முதல் தமிழரின் பண்டைய மக்களாட்சிக்குச் சான்றாக இவை மேடைகளில் எடுத்துக்காட்டப்படுகின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது தலைமை அமைச்சர் நரேந்திர மோதி உத்தரமேரூரைக் குறிப்பிட்டார்.

ஆனால் மக்களாட்சி என்ற சொல்லை இங்குக் கவனத்துடன் ஆள வேண்டும். பெண்கள், நிலமற்றோர், ஏரியில் மண் சுமந்தோர், வயலில் உழைத்தோர் ஆகிய யாருடைய பெயரும் குடத்தில் விழவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவருக்கே வாரியங்கள் உரியன. மேலும், இது ஒரு பிரமதேய ஊரின் ஏற்பாடு. சோழ நாட்டு ஊர்கள் அனைத்திலும் இவ்வாறே நடந்தது எனக் கொள்ள ஆதாரமில்லை. அரசன் முன்முயற்சி எவ்வளவு, சபையின் முன்முயற்சி எவ்வளவு என்பதும் விவாதத்திற்குரியது. கல்வெட்டுகளின் உண்மையான சிறப்பு பொதுப்பணத்தின்மீது அவை வைத்த காவலில் உள்ளது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தபோது எதிர்நோக்கிய சிக்கல், 921 இல் இச்சபை எதிர்நோக்கிய அதே சிக்கல்தான்.

பிற பணிகள்

காவிரி வடிநிலத்தின் வடபகுதியில், காட்டுமன்னார்கோயில் அருகே உள்ள வீராணம் ஏரி, வீரநாராயணன் என்னும் இவனது பட்டப்பெயரைத் தாங்கியது. சுமார் 16 கி.மீ. நீளக் கரையுடைய இவ்வேரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. இளவரசன் இராசாதித்தனே இதை வெட்டுவித்தான் என்பது மரபுவழிச் செய்தி.

இறுதிக்காலம்

பராந்தகனுக்கு இராசாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன், உத்தமசீலி என்னும் மக்கள் இருந்தனர். வடக்கே இராட்டிரகூடர் வலிமை பெற்றதை உணர்ந்து, மூத்தவனான இராசாதித்தனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தியிருந்தான். 949 இல் தக்கோலத்தில் (தற்போதைய இராணிப்பேட்டை மாவட்டம்) மூன்றாம் கிருட்டிணனின் படையுடன் பெரும்போர் மூண்டது. யானைமேல் இருந்து போரிட்ட இராசாதித்தன், இராட்டிரகூடருக்குத் துணைநின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகனால் கொல்லப்பட்டான். சோழர் படை சிதறியது. தொண்டை மண்டலம் கைநழுவியது. மூன்றாம் கிருட்டிணன் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் எனத் தன்னை அழைத்துக்கொண்டான். ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் கட்டிய பேரரசின் வடபாதி போன நிலையில், மூத்த மகனையும் இழந்து, பராந்தகன் 955 அளவில் இறந்தான்.

அதன்பின் காஞ்சிப் பகுதி பல ஆண்டுகள் இராட்டிரகூடர் ஆட்சியில் இருந்தது. உத்தரமேரூரிலேயே கன்னரதேவன் பெயரில், அதாவது மூன்றாம் கிருட்டிணன் பெயரில், கல்வெட்டுகள் உள்ளன. அரசன் மாறியும் சபை கூடிக்கொண்டிருந்தது.

பராந்தகனின் பேரனும் கண்டராதித்தனின் மகனுமான உத்தம சோழன் காலத்தில், மீண்டும் சோழர் வசமாகிவிட்ட காஞ்சியில், ஊரகப் பெருமாள் கோயில் தொடர்பாக ஒரு செப்பேடு வெளியிடப்பட்டது. தற்போது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அச்செப்பேடு, கோயிலுக்குரிய முதலையும் அதன் வட்டியையும் செலவினங்களையும் ஒவ்வொன்றாக வரையறுக்கிறது. கோயில் காரியத்தையும் அதன் கணக்கையும் கவனிக்கும் பொறுப்பு அந்நகரில் குடியிருந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.